மணியும் புல்லும்

ஜப்பான் நாட்டின் ஷிசுவோகா மாநிலத்தில், கக்கேகாவா நகருக்கு வடகிழக்கே, அவகத்தாக்கே என்றொரு மலை உண்டு. அதன் உயரம் 532 மீட்டர்தான். அதே மாநிலத்தின் எல்லையில் 3,776 மீட்டர் உயர்ந்து நிற்கும் புஜி மலையோடு ஒப்பிட்டால் அதைக் குன்று என்றே சொல்ல வேண்டும். ஆயினும் அவ்வட்டாரத்தில் அதனை அறியாதவர் இல்லை. காரணம், மலைச்சரிவிலே தேநீரைக் குறிக்கும் 'சா' என்னும் எழுத்து, பக்கத்துக்கு நூறு மீட்டருக்கு மேற்பட்ட அளவில், மரங்களாலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் பைன் மரங்களை நட்டு ஊரார் அந்த எழுத்தை உருவாக்கினர். பின்னாளில் நோய் கண்டு அம்மரங்கள் பட்டுப்போகவே, ஹினோக்கி என்னும் ஊசியிலை மரங்களை நட்டு அதனை மீண்டும் தளிர்க்கச் செய்தனர். தொலைவில் விரைந்து செல்லும் ரயிலில் இருந்தும் அதனைக் காணலாம். நம் வழக்கில் உள்ள 'தேயிலை' என்ற சொல்லின் முதற்பகுதியும், 'சாயா' என்ற சொல்லும் அந்த ஒரே எழுத்தின் இருவேறு சீன ஒலிப்புகளிலிருந்து உலகெங்கும் பரவியவையே. அந்த வகையில் இம்மலை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

அடிவாரத்தில் ஹிகாஷியாமா என்னும் சிற்றூர். அங்கிருந்து தேயிலைத் தோட்டங்களின் ஊடாக நடைபாதை மேலேறுகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உச்சியை அடைந்துவிடலாம். வானம் தெளிந்திருக்கும் நாளில் புஜி மலையும், ஓயி ஆறும், மக்கினோஹாரா மேட்டுநிலமும், அப்பால் சுருகா வளைகுடாவும் கண்ணுக்குத் தெரியும். முதியோரும் சிறுவரும்கூட ஏறக்கூடிய மலை அது. உச்சியில் பழமை வாய்ந்த அவாவா கோவில் இருக்கிறது. அதன் வளாகத்தில் ஒரு கிணறு. அந்தக் கிணற்றுக்குள்ளே ஒரு மணி கிடக்கிறதென்று மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

மணி ஏன் கிணற்றுக்குள் போனது? இக்கேள்வியோடுதான் நம் சிந்தனை தொடங்குகிறது.

அம்மலைக்கு முகென் மலை என்றும் ஒரு பெயர் உண்டு. அங்கே முன்னொரு காலத்தில் புத்த மதக் கோவில் ஒன்று இருந்ததாகவும், அதில் தொங்கிய மணிக்கு வியத்தகு ஆற்றல் இருந்ததாகவும் கதை. அந்த மணியை அடிப்பவர் இப்பிறவியில் பெருஞ்செல்வம் அடைவார். ஆனால் மறுமையில் 'முகென்' என்னும் நரகத்தில் வீழ்வார். வடமொழியில் அவீசி எனப்படுவதும், புத்த மதத்தார் நரகங்களிலெல்லாம் அடித்தளமானது என்று கருதுவதும் அந்த நரகமே. இந்த நிபந்தனை ஒளித்து வைக்கப்படவில்லை. எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. தெரிந்திருந்தும் மக்கள் திரள் திரளாக மலையேறினார்கள். நெரிசலில் பாதை தவறிச் சரிவில் விழுந்தவர்களும் இருந்தார்களாம். கடைசியில் கோவிலின் துறவி மனம் பொறாமல் மணியைக் கிணற்றுக்குள் தள்ளிவிட்டார். அப்பகுதியின் ஏழு அதிசயங்களில் ஒன்றாக இக்கதையை இன்றும் சொல்கிறார்கள்.

பிற சமயத்தாரின் பழங்கதையிலிருந்து நாம் கற்க என்ன இருக்கிறது என்று எவரேனும் கேட்கலாம். அச்சமயங்களில் உள்ள உண்மையானதும் தூய்மையானதுமான எதனையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டிலேயே நமக்குக் கற்பித்திருக்கிறது. மேலும், நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் மணியடித்துச் சிறுவர்களை மறைக்கல்விக்கு அழைத்த புனித சவேரியார்தாம் 1549ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். அந்நாட்டு மக்களின் அறிவுக் கூர்மையை அவர் பெரிதும் மதித்தார். அவர் மதித்த மக்களின் கதையை நாமும் மதிப்போடு கேட்கலாம்.

அந்த மணி வார்க்கப்பட்ட வரலாறாக இன்னொரு கதையும் உண்டு. கிரேக்கத் தீவொன்றில் பிறந்து, ஜப்பானில் குடியேறி, அந்நாட்டுக் குடியுரிமை பெற்று வாழ்ந்த லஃப்காதியோ ஹெர்ன் என்னும் எழுத்தாளர் 1904ஆம் ஆண்டில் வெளியிட்ட 'குவைதான்' என்ற நூலில் அதனைச் சொல்லியிருக்கிறார். கோவிலுக்குப் பெரிய மணி ஒன்று செய்ய விரும்பிய குருக்கள், ஊர்ப் பெண்களிடம் பழைய வெண்கலக் கண்ணாடிகளைக் காணிக்கையாகக் கேட்டார்கள். அந்நாளில் முகம் பார்க்கும் கண்ணாடிகள் வெண்கலத்தைத் தேய்த்து மெருகேற்றிச் செய்யப்பட்டன. உழவர் ஒருவரின் இளம் மனைவியும் தன் கண்ணாடியைக் கொடுத்தாள். கொடுத்த பிறகு அவள் மனம் வருந்தியது. அது அவளுடைய தாய்க்கும், பாட்டிக்கும், அவர்களுக்கு முன்னிருந்தவர்களுக்கும் சொந்தமாயிருந்த கண்ணாடி. ஈடாகப் பணம் கொடுத்து அதை மீட்க அவளிடம் வசதியில்லை. கோவில் முற்றத்தில் குவிந்திருந்த நூற்றுக்கணக்கான கண்ணாடிகளின் நடுவே தன்னுடையதை அடையாளம் கண்டு, தொட முடியாமல் நின்று ஏங்கினாள்.

பின்னர் எல்லாக் கண்ணாடிகளும் உலைக்குப் போயின. ஒன்று மட்டும் உருகவில்லை. எத்தனை முறை முயன்றும் உருகவில்லை. கொடுத்தவளின் நெஞ்சம் அதைப் பற்றிக்கொண்டிருப்பதால்தான் அது உருக மறுக்கிறது என்று பேச்சுப் பரவியது. அது யாருடைய கண்ணாடி என்பதும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. வெட்கமும் சினமும் தாங்காமல் அவள் நீரில் மூழ்கி உயிர்விட்டாள். தான் இறந்தபின் கண்ணாடி உருகும் என்றும், அதனால் ஆகும் மணியை அடித்தே உடைப்பவருக்குத் தன் ஆவி பெருஞ்செல்வம் தரும் என்றும் எழுதி வைத்திருந்தாள். மணி வார்க்கப்பட்டது. மக்கள் வந்து இரவும் பகலும் அதை ஓங்கி அடித்தார்கள். ஓசையைப் பொறுக்க முடியாத குருக்கள் மணியை மலையிலிருந்து உருட்டிச் சேற்று நிலத்தில் அமிழ்த்திவிட்டார்கள் என்று இக்கதை முடிகிறது. கிணறு என்றாலும் சேறு என்றாலும் மணி மண்ணுக்குள் போனது என்பதே முடிவு.

முதலில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல். கொடையில் உள்ளம் உடன் செல்லாவிட்டால் அது கொடையாகாது என்று இக்கதையைக் காட்டி அவளைக் கண்டிப்பது எளிது. திருத்தூதர் பணிகள் நூலில் வரும் அனனியா, சப்பிரா ஆகியோரை நாம் உடனே நினைப்போம். நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டு முழுவதையும் தந்தவர்போல் நின்றவர்கள் அவர்கள். ஆனால் அந்தப் பகுதியை மீண்டும் ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். நிலம் விற்கப்படுமுன் உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்றபின்னும் பணம் உன் உரிமையில்தானே இருந்தது என்னும் கருத்துப்படவே பேதுரு அனனியாவிடம் வினவுகிறார். அதாவது, கொடாதிருக்கவும் அவருக்கு உரிமை இருந்தது. கொடாமை அங்கே குற்றமாகவில்லை, பொய்தான் குற்றமாயிற்று.

உழவர் மனைவிக்கு அந்த உரிமை இருந்ததா? ஊரிலுள்ள பெண்கள் எல்லாரும் கொடுக்கும்போது, கேட்பவர் கோவிற் குருவாக இருக்கும்போது, இல்லை என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? அவள் கொடுத்ததில் பாதி பக்தி; மறுபாதி ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம். பின்னர் அவள் மனத்திலிருந்ததை ஊரெல்லாம் அறியச் செய்து அவளை நாணச் செய்தவர்கள் யார்? அவளிடம் போய், இது உன் தாயின் நினைவுப்பொருள், நீயே வைத்துக்கொள் என்று சொல்ல ஒருவரும் அங்கே இல்லை. அப்படி ஒருவர் சொல்லியிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். மணியும் சற்றே சிறிதாக இருந்திருக்கும், அவ்வளவே.

நம் பங்குகளிலும் கோபுரம் எழும்பும்போதும் மணி வாங்கும்போதும் வீடுவீடாக நன்கொடைப் பட்டியல் செல்கிறது. பெயரையும் தொகையையும் எல்லார் காதிலும் விழும்படி வாசிக்கிறோம். அதிகம் கொடுத்தவரின் பெயரைக் கல்லில் பொறிக்கிறோம். ஏழைக் கைம்பெண்ணின் இரு காசுகளை இயேசு பாராட்டினார் என்பதை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். ஆனால் அவர் அந்தக் காசுகளைப் பற்றித் தம் சீடரிடம்தான் பேசினார். அந்தப் பெண்ணை மக்கள் முன் நிறுத்தி அவளுடைய தொகையை அறிவிக்கவில்லை. கொடுப்பவருக்கு மட்டுமன்று, கேட்பவருக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. மனம் இல்லாதவரிடமிருந்து பெற்ற உலோகத்தால் வார்த்த மணி யாரை எங்கே அழைக்கும் என்பதை இக்கதை நமக்குக் காட்டுகிறது. வற்புறுத்திப் பெற்ற காணிக்கையால் ஆன மணி, கடைசியில் பேராசையின் மணியாகவே ஒலித்தது.

இனி மணியடிக்க வந்தவர்களைப் பார்ப்போம். இவர்களைப் பற்றி நம்மை உறுத்துவது ஒன்றுதான். இவர்கள் நரகத்தை நம்பாதவர்கள் அல்லர். நரகம் இல்லை என்று கருதியவன் மணியையும் நம்பியிருக்கமாட்டான், மலையேறவும் மாட்டான். செல்வம் வரும் என்ற வாக்குறுதியும் நரகம் வரும் என்ற எச்சரிக்கையும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டவை. ஒன்றை நம்பியவர் மற்றதையும் நம்பியாக வேண்டும். நம்பினார்கள், நம்பிக்கொண்டே அடித்தார்கள். ஆகவே இது நம்பிக்கையின்மையைப் பற்றிய கதை அன்று. நம்பிக்கை உடையவர்களைப் பற்றிய கதை. அதனால்தான் நாம் இதனைப் பிறர் கதை என்று ஒதுக்கிவிட முடிவதில்லை.

நாமும் நம்புகிறவர்களே. விசுவாச அறிக்கையை ஞாயிறுதோறும் சொல்கிறோம். எடையில் குறைப்பவனுக்கும், பொய்ப் பத்திரம் எழுதி உடன்பிறந்தாரின் பங்கைப் பறிப்பவனுக்கும், கூலியைப் பிடித்தம் செய்பவனுக்கும், மருமகள் வீட்டாரிடம் மேலும் மேலும் கேட்பவருக்கும் மறுமையைப் பற்றிய சந்தேகம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. மறுமை இருக்கிறது, ஆனால் அது தொலைவில் இருக்கிறது. இம்மை இங்கே கையருகில் இருக்கிறது. தொலைவில் இருப்பதை அடகு வைத்துக் கையருகில் இருப்பதை வாங்குவது எளிதாகத் தோன்றுகிறது. உலகம் முழுவதையும் ஆதாயமாக்கிக்கொண்டு தம் வாழ்வையே இழப்பவருக்கு வரும் பயன் யாது என்று ஆண்டவர் வினவியது இந்தக் கணக்கைக் குறித்துத்தான்.

ஆனால் அந்தக் கணக்கில் இன்னொரு பிழையும் இருக்கிறது. 'முகென்' என்ற சொல்லுக்கு இடைவெளி இல்லாதது என்பது பொருள். துன்பத்திற்கு நடுவே ஓய்வே இல்லாத நரகம் என்பதால் அதற்கு அப்பெயர். ஹெர்ன் சொன்ன கதையில் மணியடித்தவர்களை இப்போது எண்ணிப் பாருங்கள். இரவும் பகலும் ஓயாமல் அடித்தார்கள். ஒருவர் களைத்துப் போனால் அடுத்தவர் கயிற்றைப் பிடித்தார். உறக்கம் இல்லை, உரையாடல் இல்லை, வழிபாடும் இல்லை. இடைவெளி இல்லாத அந்த நிலை மறுமையிலா தொடங்கியது? முதல் அடியிலேயே தொடங்கிவிட்டது. நரகம் என்பது ஓர் இடம் என்பதைவிட, கடவுளிடமிருந்து தம்மைத் தாமே விரும்பிப் பிரித்துக்கொள்பவரின் நிலையையே குறிக்கிறது என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1999ஆம் ஆண்டு ஜூலை மாதப் பொது மறைபோதகம் ஒன்றில் விளக்கினார். அப்படியானால் மணியடித்தவர்கள் நரகத்தைப் பின்னாளில் விலையாகச் செலுத்தவில்லை. அதை அன்றே வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். ஓய்வுநாளை இறைவன் கட்டளையாகவே தந்ததன் காரணம் இங்கே நமக்குச் சற்று விளங்குகிறது. ஏழு நாளில் ஒருநாள் கையை எடுத்துவிட்டு நிற்கத் தெரிந்தவன் இடைவெளியற்ற நரகத்தில் சிக்குவதில்லை.

வறுமையால் மணியடிக்க வந்தவனையும் இப்படித்தான் கண்டிப்பீர்களா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி அது. அதற்கு ஜப்பானியரே ஒரு நாடகத்தில் விடை தேடியிருக்கிறார்கள். 1739ஆம் ஆண்டு ஒசாக்காவில் பொம்மலாட்டமாக முதலில் அரங்கேறி, பின் கபுக்கி மேடைக்கும் வந்த 'ஹிரகானா செய்சுயிக்கி' என்னும் நாடகத்தில் உமேகயே என்றொரு பெண் வருகிறாள். அவள் அன்பு வைத்தவன் கெந்தா என்னும் வீரன். அவனுடைய போர்க்கவசம் அடகில் இருக்கிறது. அதை மீட்க 300 பொற்காசுகள் வேண்டும். மலையிலிருக்கும் முகென் மணி அவளுக்கு எட்டாத தொலைவில். ஆகவே கைகழுவும் கல்தொட்டியையே அந்த மணியாகப் பாவித்து, அகப்பைக் கோலால் அதை அடிக்கத் துணிகிறாள். தான் நரகத்தில் வீழ்ந்தாலும் சரி, அவன் மானம் பிழைக்கட்டும் என்பது அவள் எண்ணம்.

இங்கே பேராசை இல்லை, அன்புதான் இருக்கிறது. மக்களை மன்னியும், இல்லையேல் என் பெயரை உமது நூலிலிருந்து நீக்கிவிடும் என்று மோசே மன்றாடினார். தம் இனத்தாருக்காகக் கிறிஸ்துவிடமிருந்து பிரிக்கப்பட்டாலும் ஆகட்டும் என்று பவுல் உருகி எழுதினார். உமேகயேயின் துணிவை அவர்களுடைய துணிவுக்கு முற்றிலும் வேறானது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் கடவுள் மோசேயின் அந்த வேண்டுகோளை ஏற்கவில்லை என்பதை நினைக்க வேண்டும். ஒருவர் தம் ஆன்மாவை விலையாகத் தரும் வணிகத்தை இறைவன் எவரோடும் செய்வதில்லை.

நாடகத்தில் அடுத்து நிகழ்வதுதான் வியப்பு. உமேகயே கோலை ஓங்குகிறாள். மேல்மாடியிலிருந்து 300 பொற்காசுகள் கலகலவென்று விழுகின்றன. மணியின் மாயம் என்று அவள் எண்ணலாம். ஆனால் பார்ப்பவர்களுக்கு உண்மை தெரியும். மேலே மறைந்திருந்து காசுகளை வீசியவள் கெந்தாவின் தாய். மாயமும் இல்லை, நரகமும் இல்லை. ஒரு தாயின் இரக்கம் மட்டுமே இருந்தது. உமேகயே தன் ஆன்மாவைக் கொடுத்து வாங்க முனைந்தது, அவள் கேட்கு முன்பே மேலே ஒருவர் மடியில் அவளுக்காக இலவசமாகக் காத்திருந்தது. நம் விண்ணகத் தந்தைக்கு நம் தேவை நாம் கேட்கு முன்பே தெரியும் என்று இயேசு கற்பித்ததை இதைவிடத் தெளிவாக ஒரு மேடை காட்ட முடியுமா? மேலும், ஏழை ஒருவன் தன் ஆன்மாவை விற்கும் நிலைக்குத் தள்ளப்படும்போது, மேல்மாடியில் இருப்பவர்கள் யார் என்ற கேள்வியும் எழுகிறது. நம்மில் சிலர் மேல்மாடியில் இருக்கிறோம். நம் மடியிலும் காசு இருக்கிறது.

துறவி மணியைக் கிணற்றில் தள்ளியது சரியா? கோவிலுக்குரிய புனிதப் பொருள் அது. எனினும் அவர் செய்ததற்கு நம் திருவிவிலியத்தில் சான்று உண்டு. மோசே பாலைநிலத்தில் உயர்த்திய வெண்கலப் பாம்பு, நோயுற்ற மக்களுக்கு இறைவனே தந்த நலச் சின்னம். நூற்றாண்டுகள் கழிந்தபின் மக்கள் அதற்கே தூபமிடத் தொடங்கியபோது, எசேக்கியா அரசர் அதை உடைத்தெறிந்தார். அரசர்கள் இரண்டாம் நூல் அவரை அதற்காகப் புகழ்கிறது. இறைவனை நோக்கி அழைக்க வேண்டியது இறைவனையே மறக்கச் செய்தால், அது எத்தனை பழமையானதாயினும் விட்டுவிட வேண்டும். நம் பக்தி முயற்சிகளுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். ஒன்பது நாள் மன்றாட்டும், நேர்ச்சையும், திருப்பயணமும் நம்மை இறைத் திருவுளத்திற்குப் பணிய வைக்கின்றனவா? அல்லது ஏழாவது அடியில் செல்வம் வரும் என்று எண்ணி அடிக்கும் மணியாக அவை ஆகிவிட்டனவா? ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

ஆனால் மணியைப் புதைத்ததனால் ஆசை புதைந்ததா என்றால், இல்லை. மணி போனபின் மக்கள் கைக்கு அகப்பட்டதையெல்லாம் மணியாகப் பாவித்து அடித்தார்கள். உமேகயேயின் கல்தொட்டியும் அவ்வாறு வந்ததே. விலக்குவது நல்லது, விலக்கினால் மட்டும் போதாது. தீய ஆவி வெளியேறிய வீடு கூட்டித் துடைத்து அழகுபடுத்தப்பட்டும் வெறுமையாகவே இருந்தால், அது ஏழு ஆவிகளோடு திரும்பி வரும் என்று ஆண்டவர் எச்சரித்தார். கயிற்றை விட்ட கைக்கு வேறொரு வேலை வேண்டும்.

அந்த வேலை எது என்பதற்கு விடை அதே மலையின் சரிவிலேயே இருக்கிறது.

அவகத்தாக்கே பகுதியின் தேயிலை உழவர்கள் தோட்டத்தின் அருகே புல்வெளிகளைப் பேணி வருகிறார்கள். அவற்றிற்குச் சாகுசாபா, அதாவது தேயிலைக்கான புல் வெட்டும் இடம், என்று பெயர். இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலம் வரை, சுசுகி என்னும் உயர்ந்த புல்லையும் குட்டை மூங்கிலையும் அறுத்து, கட்டுக்கட்டாக நிறுத்தி உலர்த்தி, நறுக்கி, தேயிலை வரிசைகளின் இடையே பரப்புகிறார்கள். அந்தப் புல் குளிரில் மண்ணுக்குப் போர்வையாகிறது, கோடையில் ஈரத்தைக் காக்கிறது, களையை அடக்குகிறது, சரிவிலே மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாமல் தடுக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல மட்கி, மண்ணை மெதுவாக்கி வளமூட்டுகிறது. இவ்வளவும் செய்து ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் முதற்கொழுந்தைக் கிள்ளுகிறார்கள். புல் அறுக்கும் நாட்களில் உழவர் உடனடியாகப் பெறுவது எதுவும் இல்லை, முதுகுவலியைத் தவிர. அன்று அவர் மண்ணிலிருந்து எடுக்கவில்லை, மண்ணுக்குக் கொடுக்கிறார்.

இந்த வேளாண் முறையை 2013ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் உலகச் சிறப்பு வாய்ந்த வேளாண் மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றது. ஏற்றதற்குத் தேநீரின் சுவை மட்டும் காரணமன்று. ஆண்டுதோறும் புல் அறுக்கப்படுவதால் அந்நிலம் காடாகவோ புதராகவோ மாறுவதில்லை. உயர்ந்த புல் நீங்கியவுடன் கதிரவன் ஒளி தரையைத் தொடுகிறது. அங்கே சிறு செடிகள் தழைக்கின்றன. ஜப்பானின் பிற பகுதிகளில் புல்வெளிகள் அருகிவிட்டதால் அரிதாகிப்போன இலையுதிர் காலப் பூக்கள் இங்கே இன்னும் பூக்கின்றன. பறக்க இயலாத வெட்டுக்கிளி இனம் ஒன்றும் இங்கே வாழ்கிறது. அதன் அறிவியற் பெயரிலேயே இம்மலையின் பெயர் அமைந்திருக்கிறது. நிலம் பாழானால் பறந்து வேறிடம் செல்ல அதற்கு வழியில்லை. எனவே அது இன்றும் உயிர்வாழ்வதே, தலைமுறை தலைமுறையாக அறுவடை தவறவில்லை என்பதற்குச் சான்று.

அந்த உழவர்களின் மூதாதையர் பூவைக் காக்கவோ வெட்டுக்கிளியைக் காக்கவோ புல் அறுக்கவில்லை. நல்ல தேயிலை வேண்டும், அதற்கு நல்ல மண் வேண்டும், ஆகவே புல் வேண்டும் என்றுதான் அறுத்தார்கள். தம் கடமையை நேர்மையாகச் செய்தார்கள். பூ கேளாமல் வந்தது. மணியடித்தவன் ஒன்றைக் கேட்டான். கேட்ட அந்த ஒன்று கிடைத்தாலும் மற்றதனைத்தையும் இழந்தான். புல் அறுத்தவன் கேட்டது கொஞ்சம். கேளாதது அவனுக்குச் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. இறையாட்சியையும் அதற்கேற்ற நெறியையும் முதலில் நாடுவோருக்கு மற்றவை சேர்த்துத் தரப்படும் என்ற மலைப்பொழிவின் வாக்கு, காட்டுப் பூக்களையும் வயல்வெளிப் புல்லையும் பற்றிப் பேசிய மறுகணமே சொல்லப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. நேர்மையாக உழைத்தால் செல்வம் குவியும் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் புல்லையும் இன்னொரு மணியாக்கியவர் ஆவோம். ஷிசுவோகா நெடுங்காலம் ஜப்பானின் தேயிலை உற்பத்தியில் முதலிடத்தில் இருந்தது. 2024ஆம் ஆண்டில் ககோஷிமா அதனை முந்திவிட்டது. அங்கே நிலம் சமமானது. பெரிய இயந்திரங்கள் ஓட ஏற்றது. செங்குத்தான சரிவில் புல் அறுக்கும் உழவருக்கு வயதாகிறது. அரிவாளை வாங்கிக்கொள்ள இளைய கைகள் குறைகின்றன. நற்செயலுக்குச் சந்தை எப்போதும் நல்ல விலை தருவதில்லை. ஆயினும் அந்தப் புல்வெளியில் பூத்த பூவும், தலைமுறைகளாகக் காக்கப்பட்ட மண்ணும் பொய்யாகிவிடவில்லை. நற்செயலின் பயன் அதைச் செய்தவரின் கல்லாப் பெட்டியில் மட்டும் தேடத்தக்கதன்று.

இரண்டையும் பிரித்தறிய நமக்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. மணி ஒருவருக்காக மட்டும் ஒலிக்கிறது. அடுத்து நிற்பவர் அடித்தால் அது அவருடைய செல்வம். ஆகவே அவர் நமக்குப் போட்டியாளர். நெரிசலில் விழுந்தவரை ஏறி மிதித்துச் செல்லவும் கூசுவதில்லை. புல்லோ அப்படியன்று. ஒருவர் பரப்பிய புல் அடுத்த தலைமுறையின் மண்ணாகிறது. நாம் அருந்தும் கோப்பையில் நமக்கு முன் வாழ்ந்தவரின் உழைப்பு இருக்கிறது. நாம் பரப்பும் புல்லின் சுவையை நாம் பார்க்காத பேரப்பிள்ளை அறிவார். பிள்ளைகளின் படிப்புக்காகத் தம் வாழ்நாளையே செலவிட்ட பெற்றோரும், ஊதியம் குறைந்த பள்ளியில் முப்பது ஆண்டு உழைத்த ஆசிரியரும், படுக்கையில் கிடக்கும் மாமியாரை முகம் கோணாமல் பேணும் மருமகளும் புல் பரப்பியவர்களே. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஆனால் நம் கால் ஊன்றி நிற்கும் மண் அவர்களால் ஆனது.

இன்று அவகத்தாக்கே மலையில் ஏறுகிறவர் மணியோசையைக் கேட்பதில்லை. கிணறு அமைதியாக இருக்கிறது. அதனுள் மணி உண்மையாகவே கிடக்கிறதா என்று தோண்டிப் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. அது எங்கே இருக்கிறதென்பது நம் உள்ளத்திற்குத் தெரியும். பாதையின் இருபுறமும் தேயிலை. அப்பால் அறுக்கக் காத்திருக்கும் புல். இரவு மன்றாட்டுக்குமுன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இருந்து வந்திருக்கிறது. அந்த வேளையில் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம்: இன்று நம் கைகள் மணியின் கயிற்றைப் பிடித்திருந்தனவா, புல் அறுக்கும் அரிவாளைப் பிடித்திருந்தனவா? கயிறுதான் என்று தெரியவந்தால் அஞ்சி ஒடுங்க வேண்டாம். மேலே ஒரு தந்தை இருக்கிறார். நம்மிடமிருந்து அவர் எதையும் விலையாகக் கேட்கவில்லை. கயிற்றை விட்டுவிட்டு, விடிந்ததும் புல்வெளிக்குப் போகலாம்.